அலுமாரிக்குள் பாடிய பாட்டு

மகன்,

நாளைக் காலமை தலைப்பாகை கட்ட ஆட்கள் வருவதற்கு முன் இதை வாசித்துவிடு. பட்டு வேட்டியின் மடிப்புக்குள் வைத்தால் உன் கண்ணில் படாமல் போகாது என்று நினைத்துத்தான் அங்கே வைத்தேன். உறையை ஒட்டவில்லை. வாசிக்க விரும்புகிறவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும். நேரே சொன்னால் என்ன என்று நீ கேட்பாய். நான் வாயைத் திறந்தாலே நீ சிரிக்கத் தொடங்கிவிடுவாய். அது என் வாயின் ராசி. எழுதினால் சிரித்துக்கொண்டாவது கடைசிவரை வருவாய். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடம் விடைபெற்றுக்கொண்டபடியால், எழுத்துப் பிழைகளை உன் அம்மாவிடம் கொடுத்துத் திருத்தினேன். என் தங்கச்சி பிழை திருத்தியதோடு நில்லாமல் இரண்டு இடத்தில் ஓரத்தில் ‘இது புளுகு’ என்று பென்சிலால் எழுதியிருந்தாள். அவள் எழுதியதை அழித்துவிட்டேன். நான் எழுதியது அப்படியே இருக்கிறது.

ஊர் முறைக்கு நான் உனக்கு மாமன். உன் அப்பா கண்ணை மூடியபோது நீ தவழ்கிற பிள்ளை. அன்றிலிருந்து இந்த லிங்கநகர் வீட்டில் உன்னை மகன் என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். கலியாணம் கட்டாதவன் கலியாணத்துக்கு முதல் நாள் புத்தி சொல்ல வந்துவிட்டான் என்று நினைக்காதே. கலியாணத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. காதைப் பற்றித் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் கட்டக் கயிறு பிடிக்கிற வேலையில் இருந்துகொண்டு காதால் மேல் வருமானம் பார்த்த முதல் மனிதன் நான். இரண்டாவது மனிதன் நீ. மூன்றாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை.

கப்பல் ஜெட்டிக்கு வரும்போது மற்றவர்கள் கொடியைப் பார்ப்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பேன். ஊது சத்தம் ஒன்று போதும்: இது போன மாதம் கோதுமை கொண்டு வந்த கப்பல், இதற்கு எஞ்சின் திருத்தியிருக்கிறார்கள், கப்டனுக்கு இன்றைக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன். ஒரு வெளிநாட்டுக் கப்டன் இதைக் கேள்விப்பட்டு, குடையும் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, ‘என்னோடு வந்துவிடு, உன் காதுக்குத் தனி அறை தருகிறேன்’ என்றார். நீ சின்னப் பிள்ளை, உன்னை விட்டுவிட்டுப் போக மனமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். (உன் அம்மாவின் முதல் பென்சில் இங்கேதான்.)

ஆனால் பஸ் விஷயத்தில் அவளும் வாய் திறக்க மாட்டாள். இந்த ஊர் பஸ் நிலையத்தில் இருந்து புறப்படுகிற தனியார் பஸ்களில் பாதிக்கு மேல் ஓடுகிற பாட்டு நான் பென்டிரைவில் போட்டுக் கொடுத்த பாட்டு. பாட்டைப் போட்டுக் கொடுக்க யாராலும் ஏலும், அதில் என்ன கெட்டித்தனம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் கதிரையில் சாய்ந்திருந்து கேட்கும்போது தேனாக இருக்கிற பாட்டில் பாதியை பஸ் எஞ்சின் தின்றுவிடும். ஆகவே நான் ஒவ்வொரு பாட்டையும் ஓடுகிற பஸ்ஸில், பின் கதவுக்குப் பக்கத்தில், நின்றபடி கேட்பேன். கந்தளாய் வரைக்கும் போய் எதிரே வருகிற பஸ்ஸில் திரும்பி வருவேன். எந்த இடத்தில் ஆட்கள் போனை எடுக்கிறார்கள், எந்த இடத்தில் போனை வைத்துவிட்டு வெளியே பார்க்கிறார்கள், எந்த இடத்தில் ஓட்டுநரின் விரல் ஸ்டேரிங்கில் தட்டுகிறது, எல்லாம் பார்க்க வேண்டும். ஹபரணைக் காட்டுப் பாதையில் தாலாட்டுப் போன்ற பாட்டு ஆகாது, ஓட்டுநரும் நித்திரையாகிவிடுவார். கந்தளாய்க் குளக்கட்டில் துள்ளல் பாட்டு ஆகாது, அங்கே காற்றே பாடும். தோணிக்காரருக்கு வேறு கணக்கு: வலை இழுக்கும்போது தாளம் ஒரே சீராக இருக்க வேண்டும், இடையில் நின்று யோசிக்கிற பாட்டுப் போட்டால் வலையும் நின்றுவிடும். அவர்கள் எனக்குக் காசு தருவதில்லை. அறக்குளா மீன் தருவார்கள், மீன்பாடு மோசமென்றால் சின்னச் சூடை மீன் தருவார்கள். நீ தின்று வளர்ந்த மீனில் பாதி என் காது பிடித்த மீன். (இரண்டாவது பென்சில் இங்கே.)

அதனால்தான் நீ கப்பல் முகவர் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பின்னேரங்களில் போனில் பாட்டுக் கேட்டு உழைக்கப் போகிறேன் என்று சொன்னபோது, சந்தோசத்தில் எனக்குத் தலை கூரையில் இடித்தது. பெயரில்லாத பாட்டுக்காரர்கள் தங்கள் பாட்டை ஒரு வெளிநாட்டு இணையத்தளத்துக்கு அனுப்புகிறார்கள். அதைக் கேட்டு, எது நல்லது எது நல்லதில்லை என்று சில வரி எழுதினால் உனக்குக் காசு. தமிழ்ப் பாட்டு என்றால் கேட்க அங்கே வேறு ஆள் குறைவு, ஆனபடியால் உன்னிடம்தான் வரும் என்று நீ எனக்கு விளங்கப்படுத்தினாய். முதல் மாதங்களில் நீ கேட்ட விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாட்டை இரண்டாம் தரம் போட்டு, எழுதியதை அழித்து அழித்துத் தமிழில் எழுதினாய். சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டுவாய். மலேசியாவில் இருந்து ஒரு பிள்ளை, நீ சொன்னபடி பாட்டின் நடுப்பகுதியை மாற்றிவிட்டேன் அண்ணா, இப்போதுதான் பாட்டு மூச்சு விடுகிறது என்று உனக்குத் திருப்பி எழுதினாளே. அன்றைக்கு நீ குசினிக்குள் வந்து எனக்கும் அம்மாவுக்கும் அதை வாசித்துக் காட்டினாய். நான் அதை ஜெட்டியில் சொன்னேன். சொல்லும்போது அந்தப் பிள்ளையை மலேசியாவின் முதன்மைப் பாடகி ஆக்கிவிட்டேன், அது வேறு கதை.

பிறகு ஒரு நாள் சாரம் எடுக்க அலுமாரியைத் திறந்தேன். உடுப்புகளுக்கு நடுவே மூன்று போன். மூன்றிலும் மூன்று பேர் பாடிக்கொண்டிருந்தார்கள், நுளம்பு ரீங்காரமிடுகிற அளவுச் சத்தத்தில். நீ வெளியே விறாந்தையில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னடா இது என்று கேட்டேன்.

“பாட்டு ஓடி முடிஞ்சாத்தான் எழுத விடுவாங்கள் மாமா. அதுதான் ஓட விட்டிருக்கிறன்.”

“ஆர் கேக்கிறது?”

“அலுமாரி கேக்குது” என்று சிரித்தாய். பிறகு, எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி இங்கிலீசில் மூன்று வரி வைத்திருப்பதைக் காட்டித் தமிழில் சொன்னாய்: தாளம் நல்லம், தொடக்கம் நீளம், குரலில் இன்னும் உயிர் வேண்டும். “ஆரும் ஒண்டும் சொல்லேலாது மாமா, எல்லாப் பாட்டுக்கும் உண்மைதானே.”

நான் அப்போது என்ன செய்தேன்? கெட்டிக்காரன் என்று முதுகில் தட்டினேன். அடுத்த நாள் ஜெட்டியில், என்ர பெடியன் நித்திரை கொள்ளேக்கையும் உழைக்கிறான் என்று ஒவ்வொரு ஆளிடமும் சொன்னேன். அந்த மூன்று வரியை நானே பாட்டு மாதிரிப் பாடமாக்கி, சாப்பாடு சரியில்லை என்றால்கூட உன் அம்மாவிடம் ‘தொடக்கம் நீளம், குழம்பில் இன்னும் உயிர் வேண்டும்’ என்று பகிடி விட்டேன். ஆகவே இந்த விஷயத்தில் உன்னை மட்டும் ஏச எனக்கு வாய் இல்லை. வாய் இருக்கிறது, உரிமை இல்லை.

இப்போது திரியாய்க்கு வருகிறேன். அந்த ஊருக்கு, உன் பொம்பிளை சுபாங்கி வீட்டுக்குக் கலியாண நாள் பேசப் போனோமே, அந்தப் பின்னேரம். அவளின் தாய் நல்ல மனுசி, ஆனால் மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டார். “தம்பி கந்தோரில வேலை எண்டது விளங்குது. இந்தப் பாட்டுக் கேக்கிறது என்ன வேலை? பாட்டுக் கேட்டா ஆர் காசு குடுப்பினம்?” நீ வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: “டொக்டர் எங்கட நெஞ்சில குழாயை வச்சுக் கேக்கிறதுக்கும் காசு குடுக்கிறம்தானே அம்மா.” கூடத்தில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். இன்றைக்கும் அதுதான் என் கட்சி. கேட்பது வேலை. மரியாதையான வேலை. கலியாணத்துக்குப் பிறகு யாரும் உன்னைக் கேலி செய்தால் இந்த டொக்டர் கதையைச் சொல், என் பெயரைப் போட்டே சொல்.

பாட்டுக் கதை என்றதும் சுபாங்கியின் தம்பி நிரோஷன் எழும்பி வந்தான். அதுவரை மூலையில் கதிரை அடுக்கிக்கொண்டு நின்ற பெடியன். “மாமா, நானும் ஒரு பாட்டுச் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினனான். ஒரு வெள்ளைக்காரன் எழுதியிருக்கிறான், பாருங்கோ” என்று போனை நீட்டினான். இங்கிலீசைக் கண்டு நான் கண்ணாடி இல்லை என்றேன். அவனே தமிழில் சொன்னான். தாளம் நல்லமாம். தொடக்கம் நீளமாம். குரலில் இன்னும் உயிர் வேணுமாம்.

அவனின் தகப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, “அண்டைக்குத் துணியைப் போட்டு மூடினவன் கீபோர்டை. பிறகு தொடேல்ல. கலியாணம் முடிய மூதூரில இருந்து ஒரு பெடியன் வந்து விலைக்கு எடுக்கப் போறானாம்” என்றார்.

நான் உன்னைப் பார்த்தேன். நீ தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் எதையோ தவறவிட்டவன் மாதிரி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் நீ தலையை நிமிர்த்தியிருப்பாய், ஏதோ சொல்லியிருப்பாய். எனக்குச் சும்மா இருக்க ஏலாதே. “அந்த வெள்ளையனை எனக்குத் தெரியும் தம்பி! போன மாசியில கப்பலில வந்தவன். அவனுக்கு ஒரு காது கேளாது!” என்று விட்டேன் ஒரு புளுகு. வீடே சிரித்தது. உனக்கும் மூச்சு வந்தது. நிரோஷன் மட்டும் சிரிக்கவில்லை.

“உண்மையாவோ மாமா? எந்தக் காது?”

“வலது” என்றேன்.

வாழ்க்கையில் எவ்வளவோ அளந்திருக்கிறேன் மகன். கேட்கிறவனுக்கும் அது அளப்பு என்று தெரியும், சொல்கிற எனக்கும் தெரியும், இரண்டு பேரும் சந்தோசமாக வீட்டுக்குப் போவோம். அந்தப் பெடியன் அதை நம்பப் பார்த்தான். நம்பினால் அவனுக்கு நல்லது என்று அவன் முகத்தில் தெரிந்தது. திரும்பி வரும் வழியில் நீ “நல்ல வேளை மாமா, சமாளிச்சிட்டீங்கள்” என்றாய். அவன் கீபோர்டை விற்கப் போகிறானே என்றேன். பொழுதுபோக்குத்தானே மாமா என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தாய். உப்பளம் கடந்து போனது. அங்கிருந்து வீடுவரை நான் பேசாமல் வந்த ஒரே பயணம் அதுதான், சாட்சிக்கு ஓட்டோக்காரன் இருக்கிறான்.

அடுத்த நாளே நிரோஷனுக்குப் போன் எடுத்தேன். “உன்ர பாட்டை எனக்கு அனுப்பு தம்பி. எனக்கு ரெண்டு காதும் கேக்கும்” என்றேன். வெட்கப்பட்டுக்கொண்டு அனுப்பினான். வழக்கம் போல, வீட்டில் கேட்காமல், பென்டிரைவில் போட்டுக்கொண்டு கிண்ணியா நசார் நானாவின் காலமை பஸ்ஸில் ஏறினேன். பின் கதவடியில் நின்றேன். இனி எழுதுவதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. சந்தேகம் என்றால் நசார் நானாவையே கேள். நாளைக்கு அவர்தான் நம் பஸ்ஸை ஓட்டப் போகிறார்.

தம்பலகாமத்து வயல்கள் வருகிற இடத்தில் அந்தப் பாட்டின் முறை வந்தது. முதலில் கயிறு இழுக்கிற சத்தம். பிறகு எஞ்சின் ஒன்று இருமி, அணைந்தது. திரும்பவும் கயிறு. திரும்பவும் இருமல். நசார் நானா அக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தார். பஸ்ஸை ஓரம் கட்டினார். “எஞ்சின் போயிட்டுடா” என்று கொண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு சாவியைக் கழற்றி நிப்பாட்டிவிட்டுப் பக்கத்தில் இருந்த எஞ்சின் மூடியைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து, தனி வயரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டுக்குள் இருந்த எஞ்சின் பிடித்துக்கொண்டது, டுக்கு டுக்கு டுக்கு என்று. நசார் நானா எஞ்சினைப் பார்க்கிறார், கையில் இருக்கிற சாவியைப் பார்க்கிறார். “யா அல்லாஹ், நான் நிப்பாட்டிட்டன், இது எங்க ஓடுது?” என்றாரே பார். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் அந்த டுக்கு டுக்குவே தாளமாகி, அதன் மேல் கீபோர்டு ஏறி, நிரோஷனின் குரல் வந்தது.

வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசின், மகன். அவன் தகப்பனின் மெசின். வாய்க்காலின் கடைசியில் இருக்கிற வயலுக்குத் தண்ணீர் வந்து சேரக் காத்திருக்கிறவனின் பாட்டு. ‘வா தண்ணியே வா, கடைசி வரம்பு நான்’ என்று ஒரு வரி வருகிறது. பஸ் நின்றுபோய் இருந்தபடியால் பாட்டைத் தின்ன எஞ்சின் இல்லை. முழுப் பாட்டும் காதுக்கு வந்தது. குரல் மூச்சு வாங்குகிறது. ஏன் வாங்காது? கயிறு இழுத்த கையோடு பாடியிருக்கிறான். குரலில் உயிர் வேண்டும் என்று எழுதினாயே, உயிர்தான் அங்கே மூச்சு வாங்குகிறது. தொடக்கம் நீளம் என்று எழுதினாயே, அந்த நீளத்தில்தான் ஒரு பஸ்ஸே நின்றது. கடைசியில் மெசினை நிப்பாட்டுகிறான். ஒன்றும் கேட்காது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைப்பாய். அதற்குப் பிறகு தூரத்தில் தகப்பனின் குரல்: “நிரோசன், காணும், வந்து சாப்பிடு.” முன் சீற்றில் மரவள்ளிக் கிழங்குப் பையோடு இருந்த ஒரு மனுசி, யாருமே கேட்காமல், “ஓம், பாவம், பிள்ளைக்குப் பசிக்கும்” என்று வாய்விட்டுச் சொன்னார். நசார் நானா பஸ்ஸை எடுக்கவில்லை. “அண்ணன், இதத் திருப்பிப் போடவா?” என்று கேட்டார்.

நீ அந்தப் பாட்டை முழுவதும் கேட்டுவிட்டு, பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. உனக்குப் பிடிக்காமல் போக உரிமை உண்டு. எனக்கு நீ போடுகிற பாதிப் பாட்டுப் பிடிக்காது. ஆனால் அலுமாரி கேட்டதற்கு நீ காசு வாங்கினாய், அலுமாரி சொன்ன தீர்ப்பை நம்பி ஒருவன் கீபோர்டை மூடிவிட்டான். நீ கெட்டவன் என்று நான் சொல்ல வரவில்லை. உன் காது என் காதை விட நல்ல காது, இதை நான் வேறு யாரைப் பற்றியும் சொன்னதில்லை. அதைப் பூட்டி வைத்துவிட்டு மூன்று போனை உழைக்க விட்டது நட்டம், உனக்கும் நட்டம். கலியாணத்துக்குப் பிறகும் இந்த வேலையை விடாதே. ஒரு போன் போதும். சுபாங்கியையும் பக்கத்தில் இருத்திக் கேள், இரண்டு பேர் கேட்டால் ஒருவர் கவனிக்காததை மற்றவர் பிடிப்பார். வருமானம் குறைந்தால் குறையட்டும். தோணிக்காரரிடம் நான் சூடை வாங்கிய நாட்களிலும் நீ பசியோடு படுக்கவில்லை.

இப்போது நாளைக்கு. மாப்பிள்ளையை அலங்கரித்த காரில் கொண்டு போகாமல், எல்லாரும் ஒரே பஸ்ஸில் போவோம் என்று நான் அடம்பிடித்தபோது, கிழவனுக்குப் புதுப் பைத்தியம் என்று உறவினர்கள் சிரித்தார்கள். காரணம் உனக்கு விளங்கியிருக்கும். தோழன் முறைக்கு நிரோஷன் காலமை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவான். உனக்குப் பக்கத்தில்தான் இருப்பான். நிலாவெளி கழிந்து, இறக்கக்கண்டிப் பாலத்தில் பஸ் ஏறும்போது அவன் பாட்டு வரும். நசார் நானாவோடு பேசி இடம் குறித்து வைத்திருக்கிறேன். அவனுக்கு இது தெரியாது. கயிறு இழுக்கிற சத்தம் கேட்டதும் அவன் உன் முகத்தைத்தான் பார்ப்பான். நீ போனை எடுக்காதே, யன்னலால் பார்க்காதே. தகப்பன் சாப்பிடக் கூப்பிடும்வரை கேள். பிறகு, அந்த மூன்று வரியை எழுதியது நீ என்றும், எழுதும்போது கேட்கவில்லை என்றும் சொல். இப்போது கேட்டதற்கு என்ன தோன்றுகிறதோ அதையும் சொல். குச்சவெளி தாண்டும் முன் சொல்லி முடி, அதற்குப் பிறகு நாதஸ்வரக்காரர் தொடங்கிவிடுவார்கள், யாருக்கும் ஒன்றும் கேட்காது.

ஏன் இந்த அவசரம் என்றால், திரியாயில் இறங்கியதும் மண்டப வாசலில் அவன் செம்புத் தண்ணீரோடு குனிந்து உன் காலைக் கழுவுவான். நீ அவன் விரலில் மோதிரம் போடுவாய். முறை அப்படி. அவன் குனிகிறபோது, அவன் பாட்டைக் கேட்காதவனாக நீ அவன் தலைக்கு மேலே நிற்கக் கூடாது. அவன் கோபித்தால் கோபிக்கட்டும், தண்ணீரைக் கொஞ்சம் பலமாக ஊற்றுவான், வேட்டி நனையும், அவ்வளவுதான். மூதூர்ப் பெடியனுக்கு வேறு கீபோர்டு நான் தேடிக் கொடுக்கிறேன், துறைமுகத்தில் எனக்குத் தெரியாத ஆள் இல்லை.

வலது காது கேளாத அந்த வெள்ளைக்காரன் எங்கே என்று நிரோஷன் கேட்டால், பஸ்ஸின் முன் சீற்றில் இருக்கிற என்னைக் காட்டு. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற,
உன் மாமா